அப்பாச்சிகளிடம் பிடிபட்டவர்களின் கதைகளை வாசிக்கும் முறை

அமெரிக்கப் பழங்குடிகளில் ஒரு கூட்டத்தாரான அப்பாச்சிகளிடம் பிடிபட்டு மீண்டவர்களே சொன்ன கதைகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. பாளையங்கோட்டையில் எங்கள் வாசிப்புக் குழுவுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது: இரண்டு வருஷங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டது எப்போது, அச்சானது எப்போது?

ஹெர்மன் லேமனை எடுத்துக்கொள்வோம். டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானிய வீட்டுப் பையன். 1870 மே மாதம், பத்து வயதில், கோதுமை வயலில் குருவி விரட்டப் போன இடத்தில் அப்பாச்சிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கம்மங்காட்டில் தகரம் தட்டிக் குருவி விரட்டிய பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டவே மனசு வராது. 1878இல் அவர் வீடு திரும்பியபோது ஜெர்மன் மறந்தே போயிருந்தது. அவர் சொன்ன கதை 1899இல் ஒருவர் எழுதி வந்தது. 1927இல் இன்னொருவர் தொகுத்து வந்தது. அப்போது லேமனுக்கு வயது 70ஐ நெருங்கியிருந்தது. அதனால் தேதி, தூரம், செத்தவர் கணக்கு இதிலெல்லாம் நான் அவரை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. என்ன தின்றார், யாரிடம் அடி வாங்கினார் என்பதை நம்புவேன். அது உடம்பில் தங்கிய நினைவு.

அப்புறம், பேனா யார் கையில் இருந்தது என்று பாருங்கள். ஆலிவ் ஓட்மன் என்ற வெள்ளைக்காரப் பெண் 1851இல் பிடிபட்டு 1856இல் மீண்டார். மறுவருஷமே வந்த புத்தகத்தை எழுதியவர் ராயல் ஸ்ட்ராட்டன் என்ற பாதிரியார். கதை திடீரென்று பிரசங்கமாக மாறும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். அங்கே அந்தப் பெண்ணின் குரலைத் தேட வேண்டாம். பிடித்தவர்கள் அப்பாச்சிகள் என்கிறது புத்தகம். யவபாய் என்ற வேறொரு பழங்குடி மக்களாக இருக்கலாம் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். அதிக காலம் அவர் இருந்ததோ மொஹாவிகள் என்ற இன்னொரு பழங்குடியினரிடம். முகவாயில் பச்சை குத்தியவர்களும் அவர்களே.

எழுதியவர் எதிர்த்தரப்பு என்பதற்காகத் தள்ளிவிடவும் கூடாது. பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில்தானே ஊமைத்துரையைப் பற்றிய அருமையான சித்திரம் நமக்குக் கிடைக்கிறது!

கடைசியாக, அப்பாச்சிகளின் பேச்சையும் கேளுங்கள். 1886இல் அமெரிக்கப் படையிடம் சரணடைந்த அப்பாச்சிப் போர்த் தலைவர் ஜெரோனிமோவின் சுயசரிதை 1906இல் வந்தது. கைதியாக இருந்தபடியே அவர் சொல்ல, ஆசா டக்லுகி என்ற அப்பாச்சி மொழிபெயர்க்க, பாரெட் என்பவர் எழுதினார். மெக்சிகோ சிப்பாய்கள் தன் தாயையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கொன்றதை அவர் சொல்லும் பகுதியை, லேமனை முடித்த கையோடு வாசியுங்கள்.