ஆபீஸ் பிளாஸ்டிக் கப்புகளை மறுசுழற்சிக்கு அனுப்புவது எப்படி?

காபி மெஷின் பக்கத்தில் ஒரு தொட்டி வைத்து ‘மறுசுழற்சி’ என்று ஒட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எச்சில் காபியும் டிஷ்யூவும் கலந்த அந்தக் குவியலை எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் தொட்டியைக் கடைசியாக வாங்குங்கள்.

படி 1: கப் என்ன பிளாஸ்டிக்?

கப்பைக் கவிழ்த்தால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். இந்தக் குறி 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் துறையினர் கொண்டுவந்தது. வகையைத்தான் சொல்லும், மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் கிடையாது.

எண் தெரியவில்லையா? ஒரு துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக் குமிழ் போனதும் விடுங்கள். பாலிபுரொப்பிலீன் மேலே வரும். பெட்டும் பாலிஸ்டைரீனும் மூழ்கும். மூழ்கியதை மடக்கிப் பாருங்கள்: படக்கென்று வெடித்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், வளைந்து கொடுத்தால் பெட். நுரை கப்புக்கு இந்தச் சோதனை செல்லாது. அதுவும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் உள்ளே முக்கால்வாசிக்கும் மேல் காற்று என்பதால் மிதக்கும்.

பேப்பர் கப்பைச் சேர்க்காதீர்கள். அதன் உட்புறம் பொதுவாக மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். ‘மக்கும்’ என்று விற்கப்படும் பி.எல்.ஏ. (தாவரத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கப்பும் வேண்டாம். பார்க்க பெட் மாதிரியே இருந்து, பெட்டோடு கலந்தால் அதைக் கெடுத்துவிடும்.

படி 2: பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் பேசுங்கள்

எந்த எண் எடுப்பார், அச்சடித்த கப் ஆகுமா, குறைந்தது எத்தனை கிலோ வேண்டும் என்று கேளுங்கள். ஒரு கப் சில கிராம்தான். ஆயிரம் சேர்ந்தாலும் சில கிலோவைத் தாண்டாது. அவர் 5 மட்டும் எடுப்பார் என்றால், ஆபீசுக்குப் பொருள் வாங்குபவரிடம் சொல்லி கப், மூடி இரண்டையுமே 5-ல் வாங்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

படி 3: தொட்டி

முதலில் மிச்சத்தை ஊற்ற ஒரு வாளி, மேலே வடிகட்டி. பக்கத்தில் அலச இன்னொரு வாளித் தண்ணீர். ஒவ்வொரு கப்புக்கும் குழாயைத் திறக்க வேண்டாம். முக்கி எடுத்து, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்து, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடித்து நாறும். தொட்டி மூடியில் கப் அளவுக்கு மட்டும் வட்டமாக ஓட்டை போடுங்கள். வாழைப்பழத் தோலோடு வருபவர் தானாகவே வேறு தொட்டியைத் தேடுவார்.

படி 4: துப்புரவுப் பணியாளர்கள்

இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மாலையில் எல்லாத் தொட்டிகளையும் ஒரே பையில் கொட்டுவது அவர்களுக்குப் பழகிய வேலை. தொடங்கும் முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்: இந்தப் பை எங்கே வைக்கப்படும், யார் எடுத்துப் போவார், எந்தக் கிழமை. விற்ற பணம் அவர்களுக்கே என்று முடிவு செய்தால் இன்னும் நல்லது.

முதல் மாதம் பையை எடை போட்டுக் குறித்து வையுங்கள். வாங்குபவர் கேட்கும் அளவு சேரவில்லை என்றால், பக்கத்து ஆபீசையும் சேர்த்துக்கொள்ளலாம்.