உப்புவெளி மணலில் செலரி

செலரி மலைநாட்டுச் சரக்கு, கடற்கரை மணலில் வராது என்று திருகோணமலையில் பலர் சொல்வார்கள். தடித்த, வெளிறிய தண்டு வேண்டுமென்றால் அது சரிதான். அதற்குக் குளிர் தேவை. ஆனால் பிரைட் ரைஸுக்கும் சூப்புக்கும் நாம் போடுவது மெல்லிய தண்டும் நிறைய இலையும் உள்ள சாதி. மாரியில் அது திருகோணமலைக் கரையோரம் உப்புவெளியில் உள்ள எங்கள் வளவிலேயே நன்றாக வருகிறது.

புரட்டாதிக் கடைசியில் விதை போடுங்கள். சூடு கூடினால் இந்த விதை முளைக்காமல் உறங்கிவிடும். அதனால் ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, இரண்டு மூன்று நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அப்புறம் தும்புத்தூளும் சலித்த மாட்டெருவும் நிரப்பிய தட்டில் தூவி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். மண்ணால் மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றினால் பொடி விதையெல்லாம் ஓரத்தில் போய் ஒதுங்கும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு ஒன்றும் தெரியாது. வெறும் தட்டு என்று கொட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு பொறுமை இல்லையா? சந்தையில் வேரோடு கிடைத்தால் வாங்கி, இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டி, அடியை நடுங்கள். நடுவிலிருந்து புதுக்குருத்து வரும். என் செடிகளில் பாதி அப்படி வந்தவைதான்.

நாலைந்து இலை வந்த நாற்றை உரப்பையில் மாற்றலாம். மணலோடு சரிபாதி மாட்டெரு சேருங்கள். வேர் மேலாகவே ஓடுவதால் மண் காய்ந்தால் தண்டில் நார் ஏறி, கசக்கும். வைக்கோலோ தும்போ பரப்பி, காலை வெயில் மட்டும் படும் பக்கம் வையுங்கள். கிணறு உவர் என்றால் மழைத்தண்ணீரைப் பிடித்துவையுங்கள். தை கழிந்ததும் நிழலுக்கு மேலே ஒரு கிடுகு. வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் செடியை விட்டுவிடலாம். அந்தக் காற்றோடு மல்லுக்கட்டினால் கிணறுதான் வற்றும்.

முழுச்செடியைப் பிடுங்காமல் வெளித்தண்டுகளை மட்டும் அடியோடு ஒடியுங்கள். குருத்து இருந்தால் தண்டு வந்துகொண்டேயிருக்கும்.

எங்கள் வீட்டில் இதற்குச் சரியான சோடி கணவாய். வெங்காயம், கறிமிளகாயோடு பெருஞ்சூட்டில் பிரட்டி, இறக்குவதற்குச் சற்று முன் சாய்வாக வெட்டிய தண்டு, அடுப்பை அணைத்தபின் இலை. மீன்தலைச் சூப்பு என்றால், இதற்கு மாறாக, தண்டு முதலிலேயே போக வேண்டும். செலரியிலேயே கொஞ்சம் உப்பு உண்டு, ஆகவே உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். சம்பலுக்கு மட்டும் வேண்டாம். தேங்காய்ப்பூவின் ருசியையே அடித்துவிடும்.