திருக்கடையூர் போனால் அப்படியே திரும்பி வராதீங்க

நம்ம கொங்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது திருக்கடையூர் போய் வந்திருப்பார்கள். அறுபதாம் கல்யாணம், எழுபது, எண்பது என்று வேன் பிடித்து ஒறம்பரை எல்லாம் ஏறி, ராத்திரி முழுக்க ஓட்டி விடியக்காலையில் போய்ச் சேர்ந்து, யாகம் முடிந்து, தாலி கட்டி, சாப்பிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் வண்டியைத் திருப்பிவிடுவோம். வழியில் கும்பகோணத்தில் இரண்டு கோயில், அப்புறம் நேராக வீடு. கோயிலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி இருக்கிறது, அங்கே கடல் இருக்கிறது. நானே மூன்று தடவை அப்படித்தான் பார்க்காமல் திரும்பினேன். அப்புச்சிக்கு எண்பது முடிந்தபோதுதான் ஒரு ராத்திரி தங்கினோம். அடுத்து யார் வீட்டில் மணிவிழா வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு வேன்தான் வேண்டும் என்றில்லை. கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜன சதாப்தி ரயில் இருக்கிறது. காலை ஏழு மணி வாக்கில் கிளம்பி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் போகும். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதனால் டிக்கெட் போடும்போது கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்காரும் இருக்கைதான், ஆனால் பகல் பயணம் என்பதால் பெரியவர்களுக்கு அலுப்பு குறைவு. ஈரோடு தாண்டிக் கரூர் வரைக்கும் காவிரி பக்கத்திலேயே வருகிற பாதை அது, கொடுமுடி வழியாகத்தான் போகும். மயிலாடுதுறையில் இறங்கினால் திருக்கடையூருக்கும் பொறையாருக்கும் பஸ் கிடைக்கும். பொறையாரை ஒட்டித்தான் தரங்கம்பாடி. மருந்து, பழம், குழந்தைக்குப் பால் என்று எது வேண்டுமானாலும் பொறையாரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தரங்கம்பாடி சின்ன ஊர்.

எந்த மாதம் போவது என்று கேட்டால், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஜனவரி கடைசிக்குள் போங்கள் என்பேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே அடைமழை, புயல் சின்னம் வேறு. ஏப்ரலுக்கு மேல் போனால் தாங்காது. நம்ம ஊர் வெயில் சுடும், ஆனால் நிழலில் நின்றால் போதும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். அங்கே நிழலில் நின்றாலும் உடம்பெல்லாம் வழியும். ஜனவரி என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பூம்புகார் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் அனந்தமங்கலம் வரும். அங்குள்ள ராஜகோபால சுவாமி கோயிலில் 1978-இல் திருடுபோன ராமர், சீதை, லட்சுமணர் சிலைகள் இங்கிலாந்திலிருந்து 2020-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. பத்துக் கை ஆஞ்சநேயரும் இந்த ஊரில்தான். பத்து நிமிடம் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

தரங்கம்பாடிக்குள் நுழையும்போது வெள்ளையாக ஒரு நுழைவாயில் வரும், 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. வண்டியை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு நடங்கள், தயவுசெய்து காரிலேயே கோட்டை வரை போய்விடாதீர்கள். ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது, நடுவழியிலேயே அலைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். இந்த வீதியில்தான் 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் இருக்கின்றன. இரண்டாவதைக் கட்டியவர் சீகன்பால்கு. ஜெர்மனியிலிருந்து 1706-இல் இங்கே வந்து இறங்கி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715-க்குள் அச்சடித்து முடித்தவர். கப்பலில் வருகிற காகிதம் போதவில்லை என்று பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள், அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். 1719-இல் இறந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயதுதான். அவரை அடக்கம் செய்ததும் அந்தத் தேவாலயத்துக்குள்ளேதான். அதன் முகப்பில் டென்மார்க் ராஜாவின் கிரீட முத்திரை இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள்.

வீதி முடிகிற இடத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் கட்ட ஆரம்பித்தது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையே ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கீழே கிட்டங்கியும் சிறையறையும், மேலே தங்குமிடம். உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், தங்குகிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டை மேல்தளத்தில் கடல் பக்கமாக நாலு மணிக்கு மேல் நின்று பாருங்கள், வெயில் முதுகுப் பக்கம் போயிருக்கும், தண்ணீர் நல்ல நீலமாகத் தெரியும்.

கோட்டைக்குக் கொஞ்சம் வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, முன்பக்கத்தை எல்லாம் கடல் தின்றுவிட்டது. அலை அரித்த கருங்கல்லைக் கையால் தடவிப் பாருங்கள். நம்ம ஊர்க் கோயில் தூண் வழவழவென்று எண்ணெய் ஏறி இருக்குமே, அது மாதிரி இருக்காது, தேங்காய்த் துருவல் மாதிரி சொரசொரப்பாக, ஓரமெல்லாம் கரைந்து இருக்கும். கரையில் கொட்டிவைத்திருக்கிற பாறைகள் கடலரிப்பைத் தடுக்கப் போட்டவை. பாசி வழுக்கும், குழந்தைகளை அதன்மேல் ஏற விடாதீர்கள். இந்த ஊர் 2004 சுனாமியில் நிறைய உயிர்களைப் பறிகொடுத்த ஊர். மீனவர் குப்பத்துக்குள் போனால் போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க முடியாது, இது கிழக்குக் கரை. உதயத்துக்குத்தான் எழுந்திருக்க வேண்டும். அஞ்சரை மணிக்கு வெள்ளென எழுந்து கரைக்குப் போய்விடுங்கள். சூரியன் வரும்போதே படகுகளும் வரும், மீன் இறக்கி ஏலம் விடுவார்கள். சாப்பாட்டு விஷயத்திலும் இதை ஞாபகம் வையுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது போய் வஞ்சரம் கேட்டால் பெரும்பாலும் ஐஸ் மீன்தான். மற்ற மாதங்களில் வஞ்சரத்தையே பிடித்துத் தொங்காமல், அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டுச் சாப்பிடுங்கள். சங்கரா குழம்பும் கிழங்கான் வறுவலும் எனக்கு வஞ்சரத்தை விடப் பிடித்திருந்தது.

கடலில் இறங்குவது பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம்ம பையன்கள் எல்லாம் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்கள், வாய்க்காலில் எதிர்நீச்சல் அடிப்பவர்கள், அந்தத் தைரியத்தில்தான் மாட்டுகிறார்கள். என் பெரியம்மா பையன் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றான். ஓர் அலை திரும்பிப் போகும்போது காலடி மணலை உருவிக்கொண்டது, கண் மூடித் திறப்பதற்குள் ஆள் இருபது அடி உள்ளே. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் "பக்கவாட்டுல வா தம்பி, பக்கவாட்டுல வா" என்று கத்தியபடியே பாய்ந்து போய் இழுத்து வந்தார். அன்றைக்குக் கற்றுக்கொண்டது இது: சுற்றிலும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் உடையாமல் அமைதியாகப் பாதை போலத் தெரிந்தால் அங்கேதான் இழுப்பு இருக்கும். மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், கை சோர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிவிட்டு, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். முழங்காலுக்கு மேல் போகாமல் இருப்பது இன்னும் நல்லது. மீனவர்கள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

இரண்டாம் நாள் காலையில் பூம்புகார். தரங்கம்பாடியிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டரை ஒட்டி வரும். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, ஏழு நிலை மாடம், சுவரெல்லாம் கண்ணகி கதைச் சிற்பம். பக்கத்தில் பல்லவனீச்சுரத்தில் அகழ்ந்தெடுத்த புத்த விகாரம், கீழையூரில் பழைய படகுத்துறை. சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் கல்மணி செய்து விற்ற காலத்திலேயே புகார் பெரிய துறைமுகம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். ஆனால் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சங்கமம். காவிரி கடலில் சேருகிற இடம்.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரைதான் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவார்கள், அதனால்தான் ஜனவரி என்று சொன்னேன். அதற்கப்புறம் போனால் கடைமடையில் ஆறு கிட்டத்தட்ட வெறும் மணல்தான். தண்ணீர் இருக்கும்போதே அது சின்னதாகத்தான் இருக்கும். பவானியும் நொய்யலும் அமராவதியும் சேர்ந்து அகண்ட காவிரியாகப் போகிறதே, அது முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, கல்லணையில் வெண்ணாறாகவும் புது ஆறாகவும் பிரிந்து, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வயலுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மேலையூர்க் கதவணை தாண்டி மிச்சத்தோடு வந்து சேருகிறது. நம்ம கீழ்பவானி வாய்க்காலை விடப் பெரிதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புச்சி பிறந்தது கொடுமுடி. ஆடிப்பெருக்குக்கு இக்கரையில் நின்றால் அக்கரை ஆள் எறும்பு மாதிரி தெரிவான் என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவர். சங்கமத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். "கரிக்குது கண்ணு," என்றார். பத்தடி மேலே ஆற்றுப் பக்கமாக நடந்துபோய் மறுபடி அள்ளிப் பார்த்தார். அங்கேயும் கரித்தது. இன்னும் மேலே போகணும் என்றார், போனோம்.

திரும்புகிற ஜன சதாப்தி மதியம் மூன்று மணியை ஒட்டி மயிலாடுதுறையில் கிளம்பும். சங்கமத்திலிருந்து பன்னிரண்டரைக்காவது புறப்பட்டுவிடுங்கள், வயதானவர்கள் கூட இருந்தால் அதற்கும் முன்னாலேயே.