காஞ்சு போன மாடத்து துளசி திரும்ப துளிர்த்த கதை

எங்க வீடு செங்கோட்டைல, புளியரை தாண்டுனா கேரளா. பின்கட்டு மாடத்துல இருந்த துளசி ஆனி மாசம் திடீர்னு இலையெல்லாம் சிறுத்து, உதிர ஆரம்பிச்சு, தண்டு வெறும் குச்சியாட்டம் ஆயிடுச்சு. தண்ணி பத்தலைன்னு ரெண்டு வேளை ஊத்துனேன், சாரல் வேற விடாம பெஞ்சுட்டிருக்கு, இன்னும் மோசமாச்சு. சாணி உரம், வேப்பெண்ணெய், ஒண்ணும் கேக்கல. பத்து நாள் வேஸ்ட்.

புடுங்கிடலாம்னு போனப்ப பக்கத்து வீட்டு ஆச்சி, "பொறு தம்பி, நகத்தால கீறிப் பாரு"ன்னாங்க. கீறுனா மேல பாதி பழுப்பு, கீழ நாலு விரக்கடை மட்டும் பச்சை! அப்பதான் கவனிச்சேன், கிளை பூரா கதிரு, விதை முத்தி நிக்குது. சாமி செடியாச்சேன்னு ஒரு வருஷமா நான் கிள்ளவே இல்ல, விதை பிடிச்சுட்டா செடி துளிர் விடுறத குறைச்சுக்கும். பெருமாள் மாலைல அந்த கதிரையும் சேத்துதான கட்டுறாங்க, கிள்ளிக் குடுக்கறதும் பூஜைதான்னு எனக்கு உரைக்கவே இல்ல.

அன்னிக்கு துவாதசி, தொடக்கூடாதுன்னாங்க ஆச்சி. மறுநாள் கதிரெல்லாம் கிள்ளிட்டு, பச்சை தெரியுற இடத்துல கணுவுக்கு சித்த மேல வெட்டுனேன். மாடத்து அடி ஓட்டை மண்ணால அடைச்சிருந்துச்சு, ஈர்க்குச்சியால குத்துனதும் தேங்குன தண்ணி கடகடன்னு இறங்குச்சு. அப்புறம் மேல்மண் காஞ்சாதான் தண்ணி.

பன்னெண்டாம் நாள் கணுவுல எதிரெதிரா ரெண்டு பச்சை புள்ளி, அப்பாடா. கிள்ளுன கதிரை உள்ளங்கைல தேச்சு தூவுனதும் மொளைச்சிருச்சு, அதுல ஒரு தொட்டி ஆச்சி வீட்டுக்கு.