தாயைக் காலையில், மகனை மாலையில்: மதுரையில் ஒரு நாள், மூன்று மலைகள்

இந்தச் சுற்றைக் கீழக்குயில்குடியில் தொடங்குங்கள், அதுவும் காலை ஆறரைக்குள். தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டையில் பிரிந்தால் சமணர் மலை. இளவெயில் சாய்வாக விழும்போதுதான் பாறையில் வெட்டிய எழுத்து கண்ணுக்குப் பிடிபடும். உச்சி வெயிலில் எல்லாமே வெளுத்துப் போய்விடும்.

நான் ஒத்தக்கடையில் ஆட்டோ ஓட்டுகிறவன். மீனாட்சியம்மன் கோயிலையும் மகாலையும் பார்த்துவிட்டு, “அரை நாள் மிச்சமிருக்கு, எங்கே போகலாம் அண்ணே?” என்று கேட்பவர்களிடம், “முழு நாளாக ஒதுக்குங்கள், ஒரு தாயையும் மகனையும் காட்டுகிறேன்” என்பேன். மகன் பெயர் அச்சணந்தி. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சமணத் துறவி. தமிழ்நாட்டில் பல மலைகளில் தீர்த்தங்கரர் (சமணர்கள் வணங்கும் அருகர்) உருவங்களைச் செய்யவைத்தவர். தாய் பெயர் குணமதியார்.

அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுப் படியேறுங்கள். சுனையை ஒட்டிய இடத்துக்குப் பேச்சிப்பள்ளம் என்று பெயர். எட்டு உருவங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. மகாவீரர், தலைக்கு மேல் நாகம் படமெடுத்த பார்சுவநாதர், கால்களில் கொடி சுற்றிய பாகுபலி. அவசரப்படாமல் உருவங்களுக்குக் கீழே பாருங்கள், தமிழின் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்து இருக்கும். ‘ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’ என்று ஒன்றில் வெட்டியிருக்கிறார்கள். அரசனும் அதிகாரியும் பெயர் பொறிக்கிற காலத்தில், ஒரு துறவியின் தாய் தன் பெயரோடு அங்கே இருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வராது. மதுரையில் மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ‘பசுமை நடை’ அமைப்புக்காரர்களின் மலைநடைகள் வழியாகத்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். நீங்களும் போங்கள்.

வட்டெழுத்து தெரியாதவர்கள் எழுத்து அட்டவணை ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரி மங்கலாகத் தெரிந்தால் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சாக்பீஸால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அப்படித் தேய்த்த கோடுகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இன்னும் மேலே தெம்பிருந்தால் தீபத்தூண் வரை ஏறலாம், அங்கே கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. முட்டிவலிக்காரர்கள் அதை விட்டுவிட்டு இறங்கி, மலையின் மறுபக்கத்தில் உள்ள செட்டிப்புடவுக்குப் போகலாம். குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருப்பார். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: சிங்கத்தின் மேலிருந்து ஒரு பெண் தெய்வம், யானைமேல் வருகிறவனோடு போர் புரிகிறாள். நிறையப் பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

நாகமலைப் புதுக்கோட்டையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை வழியாக ஒத்தக்கடைக்கு வாருங்கள். யானைமலை அடிவாரத்து நரசிங்கப்பெருமாள் கோயில் மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். கி.பி. 770இல் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி மலையைக் குடைந்தார். அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார். கல்வெட்டே இதைச் சொல்கிறது. பக்கத்திலேயே முருகனும் தெய்வானையும் இருக்கும் லாடன் கோயில் என்ற குடைவரை, அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளுக்கு ஏறுங்கள். குகையில் வட்டெழுத்துக்கும் முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறிப்பும், பாறை முகப்பில் தீர்த்தங்கரர்களும் உண்டு. சில உருவங்களில் பழைய வண்ணப்பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது, கைவைக்காதீர்கள். அச்சணந்தியின் பெயர் இங்கும் இருக்கிறது. காலையில் தாயைப் பார்த்துவிட்டு வந்திருப்பதால் அந்தப் பெயர் உங்களுக்கு இப்போது தெரிந்த ஆள் பெயர்.

கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை நிழலில் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயருங்கள். மூன்று மணி வாக்கில் மேலூர் சாலையில் கிளம்பினால் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் உள்ள ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு இதை அறிவித்தது. பிறகு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. அதை எதிர்த்துச் சுற்று வட்டார மக்கள் மதுரை வரை திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதனால் ஊர்க்காரர்களிடம் மலையைப் பற்றிக் கேட்டால் நின்று பேசுவார்கள், நீங்களும் நின்று கேளுங்கள்.

முதலில் பாண்டியர் குடைவரைச் சிவன் கோயில். அங்குள்ள இலகுலீசர் (சிவனின் அவதாரமாகக் கருதப்படுபவர்) சிற்பம் தமிழ்நாட்டில் அரிது. பிறகு கழிஞ்சமலை. குகை முகப்பில் இரண்டாயிரம் வருடம் பழைய தமிழி எழுத்து, அருகில் தீர்த்தங்கரர், அவருக்குக் கீழே மீண்டும் வட்டெழுத்தில் அச்சணந்தி. இந்த மலையைத் திருப்பிணையன் மலை என்று அந்த வரி குறிக்கிறது.

ஆனைகொண்டான் கண்மாய்ப் பக்கம் போகிறவர்கள் பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு என்ற வேட்டைப் பறவைகள் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. பாறை இடுக்குகளுக்கு அருகே சத்தம் போடாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், மலைமேல் கடை கிடையாது. மார்கழி, தை மாதங்கள் நல்லவை. சித்திரையில் சிறு பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். கீழடியையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது தென்கிழக்கே வேறு திசை, அந்த அருங்காட்சியகத்துக்கே தனியாக அரை நாள் வேண்டும்.