குழந்தைக்கு குரல்வளையில திரும்பத் திரும்ப கட்டி வருதா? ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாக்க வேண்டியது

என் பொண்ணுக்கு மூணு வயசுல ஆரம்பிச்சது, இப்ப ஒன்பது, இதுக்குள்ள 14 தடவ தியேட்டருக்கு போயிட்டு வந்துட்டா. மொதல்ல வீசிங்னு சொல்லி எட்டு மாசம் நெபுலைசர் வெச்சாங்க, குரல் மட்டும் கம்மிக்கிட்டே போச்சு, அப்பறம்தான் ஒரு ஈஎன்டி டாக்டர் ஸ்கோப் (கேமரா வெச்ச குழாய்) போட்டு பாத்து, பாப்பிலோமாங்கற கட்டின்னு சொன்னாரு. வீசிங்னா மூச்சு வெளிய விடும்போது விசில் மாதிரி வரும், இதுல உள்ள இழுக்கும்போதுதான் கொர்ருன்னு சத்தம். சளி காய்ச்சல் எதுவும் இல்லாம குரல் கம்மல் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல இருந்தா, ஸ்கோப் போட்டு பாருங்கன்னு நீங்களே கேளுங்க.

இது ஹெச்பிவி வைரஸ், 6, 11ன்னு ரெண்டு வகை, 11 கொஞ்சம் முரடு. கையில வர்ற மரு மாதிரிதான், ஆனா வளர்ற இடம் குரல்வளை. பெரும்பாலும் பிரசவத்தப்ப தாய்கிட்ட இருந்து வரும், தாய்க்கே இருக்கறது தெரியாது, அதனால வீட்ல யாராவது பெத்தவள குறை சொன்னா அங்கயே நிறுத்துங்க, யார் தப்பும் இல்ல.

கட்டிய எடுத்தாலும் பாக்க சுத்தமா இருக்கற தோலுக்குள்ள வைரஸ் உக்காந்திருக்கும். ஆபரேஷன் மூச்சு விட வழி பண்ணும், அவ்ளோதான், நோய அடியோட எடுக்காது. இத புரிஞ்சுக்காம நான் பண்ண பெரிய தப்பு, ரெண்டாவது ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட "ஒண்ணு விடாம முழுசா எடுத்துடுங்க சார்"னு கெஞ்சினது. அவரும் எடுத்தாரு. குரல்வளையில ரெண்டு வோக்கல் கார்டும் (குரல் நாண்) முன்பக்கம் ஒரு மூலையில சேரும், அங்க ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல புண்ணானா ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இதுக்கு வெப்னு பேரு. கட்டி திரும்ப வந்தா திரும்ப எடுக்கலாம், ஆனா தழும்பு அவ்ளோ சுலபமா போகாது. இன்னிக்கும் அவ பேசினா பாதி காத்துதான் வருது. அனுபவம் உள்ள டாக்டர் அந்த மூலையில கொஞ்சம் மிச்சம் விடுவாரு, இல்ல ஒரு பக்கம் இப்ப, இன்னொரு பக்கம் அடுத்த தடவன்னு பிரிச்சு எடுப்பாரு, அதுக்காக அவர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க.

என்ன கருவி வெச்சு எடுக்கப் போறாங்கன்னு கேளுங்க. மைக்ரோடிப்ரைடர்னா வெட்டி உறிஞ்சி எடுக்கும், சூடு கிடையாது. லேசர்னா சூடு ஆழமா இறங்கினா தழும்பு வரும், ஆக்சிஜன் பக்கத்துல லேசர் பட்டு தீப்பிடிக்கறதும் ஒரு ஆபத்து, அபூர்வம்தான், ஆனா மயக்க மருந்து டாக்டர்கிட்ட அதுக்கு என்ன ஏற்பாடுன்னு கேட்டா தப்பே இல்ல. ஆடுற பல் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, ஸ்கோப் பட்டு உள்ள விழுந்துடும். பசும்பாலும் சாப்பாட்டு கணக்குதான், 6 மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுத்தணும், தண்ணி எப்ப வரைக்கும்னு அவங்க சொல்ற நேரம்தான். பாட்டி பாவம்னு ஒரு பிஸ்கட் குடுத்திருந்தாலும் மறைக்காதீங்க, வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும்.

முடிஞ்ச அன்னிக்கு ராத்திரிதான் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டு பாக்கணும். கைக்குழந்தைக்கு குரல்வளைக்கு கீழ வழியே கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் அகலம்தான், சுத்தி 1 மில்லிமீட்டர் வீங்கினாலே காத்து போற பரப்புல முக்கால்வாசி அடைஞ்சுடும். எச்சில்ல லேசா ரத்தக்கோடு, நாக்கு மரத்துப் போறது, இதெல்லாம் பொதுவா சரியாயிடும். ஆனா இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ள போறது, மூக்கு விடைக்கறது, உதடு நீலமாகறது, எச்சில் முழுங்க முடியாதது, கழுத்துல தொட்டா நறநறன்னு காத்து கோத்த மாதிரி இருக்கறது, அழுதுக்கிட்டு இருந்த குழந்த திடீர்னு துவண்டு போறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே நர்ஸ கூப்பிடுங்க. வீட்ல ஆச்சுன்னா 108. மடியில நிமிர்ந்து உக்கார வைங்க, படுக்க வைக்காதீங்க, வாய்க்குள்ள விரல் விடாதீங்க, அழ வைக்காதீங்க. நாங்க தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால சாயங்காலமே டிஸ்சார்ஜ்னு சொன்னா தூரத்த சொல்லி ஒரு ராத்திரி தங்க கேட்டுடுவேன்.

வாரக்கணக்குல கழிச்சு மூச்சு வாங்க ஆரம்பிச்சா கட்டி திரும்ப வந்திருக்கலாம், இல்ல தழும்பு சுருங்கி வழி குறுகியிருக்கலாம், வெளிய இருந்து கண்டுபிடிக்க முடியாது, ஸ்கோப்தான். கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வைக்கணும்னு சொன்னா, உயிருக்கு வேணும்னா வெச்சுத்தான் ஆகணும், ஆனா அதுக்கப்பறம் கட்டி மூச்சுக்குழாய்ல கீழ பரவ வாய்ப்பு இருக்கு, அதனால எப்ப எடுப்பீங்கன்னு அன்னிக்கே கேளுங்க. வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல ஆபரேஷன் ஆகுதுன்னா பெவசிசுமாப் (கட்டிக்கு புது ரத்தக்குழாய் வளராம தடுக்கற மருந்து) மாதிரி மருந்து சரிவருமான்னு கேக்கலாம். எடுத்த சதைய பயாப்சிக்கு அனுப்பினாங்களான்னும் கேளுங்க, அபூர்வமா புத்துநோயா மாறும்.

எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரே ஃபைல்ல, தேதி வரிசையா. அதோட ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பொண்ண ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் எண்ண சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். தினமும் கூடவே இருக்கற நமக்கு குரல் மாறுறது தெரியாது. போன தடவ டாக்டர் ஆறு வார ரெக்கார்டிங்க வரிசையா கேட்டாரு, நாலாவது வாரத்துல இருந்தே அவ பன்னெண்டுல நின்னு மூச்சு எடுக்கறா, உடனே ஸ்கோப் தேதிய பத்து நாள் முன்னாடி போட்டாரு.