பின்னால் நழுவிய ஸ்கோப்
என் 0.177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி 10 மீட்டரில் ஜீரோ செய்தேன், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தேன். முப்பது குண்டு போனதும் குண்டு படும் இடம் விலக ஆரம்பித்தது. ஸ்கோப் திருகைத் திருப்பித் திருப்பியே ஒரு டப்பா பெல்லட் காலி. அப்புறம்தான் துப்பாக்கி மேலுள்ள ரெயிலைக் குனிந்து பார்த்தேன்: ஸ்கோப்பை ரெயிலோடு பிடிக்கும் மவுன்டுக்கு முன்னால் பளபளவென்று உரசிய தடம், இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னுக்கு உதைத்துவிட்டு, பிஸ்டன் போய் முட்டும்போது முன்னுக்கும் வெடுக்கென்று இழுக்கும். அதில் மவுன்ட் மெல்லப் பின்னே நழுவியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

ஸ்பிரிட்டால் ரெயிலைத் துடைத்தேன். நழுவாமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுன்ட் வாங்கி, பின்னை ரெயிலில் இருந்த குழியில் இறக்கி, மவுன்ட் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அதன்பின் நூறு குண்டு, படும் இடம் அசையவில்லை. கடைக்காரர் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.